சுலைமானியே பள்ளிவாசலுக்குப் போகிறீர்களா? அரை நாள் ஒதுக்கிக்கொண்டு போங்கள்

இஸ்தான்புல் போகிற நம் ஆட்கள் அநேகமாக சுல்தான் அஹமது பகுதியில்தான் அறை எடுப்பார்கள். காலையில் ஹாகியா சோஃபியா, அப்புறம் எதிரே இருக்கும் நீலப் பள்ளிவாசல், மதியம் தோப்காபி அரண்மனை, சாயங்காலம் கடைத்தெரு என்று ஒரு நாள் ஓடிவிடும். எல்லாமே பார்க்க வேண்டிய இடங்கள்தான். ஆனால் உதுமானியர் கட்டிய பள்ளிவாசல்களில் ஒன்றே ஒன்றை ஆற அமரப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்கலாம் என்று யாராவது என்னிடம் கேட்டால், யோசிக்காமல் சுலைமானியே என்றுதான் சொல்வேன். நுழைவுக் கட்டணம் கிடையாது, நீலப் பள்ளிவாசல் அளவுக்குக் கூட்டமும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, 450 வருஷத்துக்கும் மேலாக மக்கள் அன்றாடம் தொழுதுகொண்டிருக்கும் இடம் அது. அரை மணி நேரத்தில் படம் எடுத்துவிட்டு ஓடுகிறவர்களுக்கு அது ஒரு பெரிய மண்டபமாக மட்டுமே தெரியும். அரை நாள் கொடுத்தால்தான் அது என்னவென்று பிடிபடும், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் நேரத்தைத் தீர்மானியுங்கள்

எல்லாவற்றையும்விட முக்கியம் இதுதான். நான் முதல்முறை போனது ஒரு வெள்ளிக்கிழமை, மதியம் பன்னிரண்டரை மணிக்கு. மேட்டில் மூச்சு வாங்க ஏறிப் போனால் ஜும்மா என்னும் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு ஊரே திரண்டு வந்துகொண்டிருந்தது, சுற்றிப் பார்க்க வந்தவர்களை உள்ளே விடவில்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வெளியே காத்திருந்தேன். அந்த நாள் வீணாகவில்லை, ஏன் என்று பின்னால் சொல்கிறேன், ஆனால் உங்கள் கையில் ஒரே ஒரு பகல்தான் இருக்கிறது என்றால் இந்தத் தவறைச் செய்யாதீர்கள்.

ஐந்து வேளைத் தொழுகையின்போதும், பாங்கு சொல்வதற்குச் சற்று முன்பிருந்தே பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. தொழுகை முடிந்து ஆட்கள் கலைந்ததும் மறுபடியும் விடுவார்கள். தொழுகை நேரம் சூரியனை வைத்துக் கணிக்கப்படுவதால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். மதியத் தொழுகையான லுஹரைத் துருக்கியில் 'ஓய்லே' என்பார்கள், அது வருஷம் முழுக்க மதியம் ஒரு மணிக்குச் சற்று முன்பின்னாக இருக்கும். பிற்பகல் தொழுகையான அஸர் அவர்களுக்கு 'இகிந்தி'. டிசம்பரில் மூன்றரை மணிவாக்கில் வந்துவிடும், ஜூனில் ஐந்து மணியைத் தாண்டும். சூரியன் மறைந்ததும் தொழும் மக்ரிப் குளிர்காலத்தில் ஐந்தே முக்காலுக்கே ஆகிவிடும், கோடையில் எட்டரை மணிக்கு மேல்தான். போகிற நாளின் நேரத்தைத் துருக்கி சமயத்துறையான தியானெத்தின் இணையதளத்திலோ செயலியிலோ காலையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

என் கணக்கு இப்படி: காலை ஒன்பதரை, பத்து மணிக்குப் போய்விட வேண்டும். உள்ளே ஒரு மணி நேரம், கல்லறைகளுக்கு அரை மணி நேரம், மொட்டைமாடி போன்ற பின்பக்க முற்றத்தில் கொஞ்ச நேரம். லுஹர் பாங்கு கேட்கும்போது நீங்கள் வெளி முற்றத்தில் மரத்தடியில் இருக்க வேண்டும். அப்புறம் எதிர்த்தெருவில் சாப்பாடு. கோடையில் போகிறவர்கள் இதற்குப் பதிலாக அஸருக்குப் பிந்தைய மாலையை எடுத்துக்கொள்ளலாம், வெயில் சாயும்போது கல்லின் நிறமே வேறாகிவிடும். வெள்ளிக்கிழமை முற்பகலை மட்டும் விட்டுவிடுங்கள், மதியம் இரண்டரைக்கு மேல் வைத்துக்கொள்வது நிம்மதி.

உடை

நம்மவர்களுக்கு இது பெரிய தலைவலி இல்லை. பெண்களுக்குச் சுடிதாரும் துப்பட்டாவும் கச்சிதம், தலையை மூட தனியாக எதுவும் தேட வேண்டாம். புடவை என்றால் இடுப்பும் கையும் மறைய ஒரு பெரிய சால்வை போர்த்திக்கொள்ளுங்கள். ஆண்களுக்கு முழுக்கால்சட்டை, அரைக்கை சட்டை போதும், முட்டிக்கு மேலே நிற்கும் ஷார்ட்ஸ் கூடாது. மறந்து வந்தவர்களுக்கு வாசலிலேயே துணி கொடுக்கிறார்கள். ஆனால் கோடை நாளில் எத்தனையோ பேர் தலையில் கிடந்த துணி அது, சொந்தமாக ஒன்று கொண்டுபோவதே நல்லது.

காலணி விஷயத்தில் ஒரு யோசனை. கயிறு கட்டும் ஷூ வேண்டாம், சட்டென்று கழற்றி மாட்டக்கூடியதாகப் போடுங்கள். உள்ளே போகுமுன் கழற்றி, கையோடு ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துப் போகலாம், அல்லது வாசலருகே அலமாரியில் வைக்கலாம். கம்பளத்தின் விளிம்பில் ஷூவோடு கால் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கம்பளத்தில் மக்கள் நெற்றியை வைக்கிறார்கள், இது ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் மற்ற மரியாதைகளெல்லாம் தானாக வந்துவிடும். துவைத்த சாக்ஸ் போடுங்கள்.

எப்படிப் போவது

இரண்டு வழி சொல்கிறேன். சுலபமான வழி, எம்2 மெட்ரோவில் வெஸ்னெஜிலெர் நிலையத்தில் இறங்கி நடப்பது. பத்துப் பதினைந்து நிமிஷம், ஏற்றமும் அதிகமில்லை. சுல்தான் அஹமதிலிருந்து வருகிறவர்கள் டி1 டிராமில் பெயாசித் வந்து, இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தின் நீண்ட மதிலைச் சுற்றிக்கொண்டு வரலாம். முதியவர்களோடு போகிறவர்களுக்கு இதுதான் சரி.

எனக்குப் பிடித்தது மற்ற வழி. எமினோனு படகுத்துறையில் தொடங்கி, மசாலாச் சந்தையின் பக்கவாட்டுத் தெரு வழியாக ருஸ்தெம் பாஷா பள்ளிவாசலைத் தாண்டி, உசுன்சார்ஷி என்ற நீண்ட கடைத்தெருவில் மேலே ஏறுவது. முட்டி வலிக்காரர்களுக்கு ஆகாது, ஆனால் சுலைமானியே எதற்காக அந்த மேட்டில் உட்கார்ந்திருக்கிறது என்று ஏறினால்தான் புரியும். ருஸ்தெம் பாஷாவை வழியிலேயே பார்த்துவிடலாம். சிறிய பள்ளிவாசல், கடைகளுக்கு மேலே மாடியில் இருக்கிறது, குறுகலான படிக்கட்டு ஏற வேண்டும், சுவரெல்லாம் இஸ்னிக் ஊரில் செய்த நீல நிறப் பளபள ஓடுகள். அதைப் பார்த்துவிட்டுச் சுலைமானியேவுக்குள் போனால், அதே கட்டடக் கலைஞர் இங்கே எவ்வளவு கையை அடக்கியிருக்கிறார் என்று தெரியும்.

உள்ளே போகுமுன் இவ்வளவு தெரிந்திருந்தால் போதும்

கட்டச் சொன்னவர் சுல்தான் சுலைமான். கட்டியவர் மிமார் சினான், மிமார் என்றால் கட்டடக் கலைஞர். 1550இல் தொடங்கி 1557இல் முடித்தார்கள், இவ்வளவு பெரிய வேலைக்கு ஏழு வருஷம் என்பது வேகம்தான். சினான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, இளவயதில் அரசுப் பணிக்கென்று எடுத்துச்செல்லப்பட்டு, சுல்தானின் காலாட்படையான ஜானிஸாரிப் படையில் பாலமும் கோட்டையும் கட்டிக் கட்டித் தொழில் கற்றவர். 1539இல் தலைமைக் கட்டடக் கலைஞராகி, 1588இல் சாகும்வரை அந்தப் பதவியிலேயே இருந்தார், மூன்று சுல்தான்களைப் பார்த்துவிட்டார். இஸ்தான்புல்லின் ஷெஹ்ஸாதே பள்ளிவாசலைத் தன் தொழில் பழகும் காலத்து வேலை என்றும், சுலைமானியேவைத் தேர்ந்த வேலைக்காரனின் வேலை என்றும், எடிர்னே ஊரின் செலிமியேவைத்தான் உஸ்தாதின் வேலை என்றும் அவர் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. என் மனசு இரண்டாவதில்தான் நிற்கிறது.

நான்கு மினாராக்கள். முற்றத்தின் வெளி மூலைகளில் நிற்கும் இரண்டு குட்டை, பள்ளியை ஒட்டிய இரண்டு நெட்டை. நெட்டை மினாராவில் மூன்று மூன்று, குட்டையில் இரண்டிரண்டு என்று மொத்தம் பத்து உப்பரிகைகள். இஸ்தான்புல்லைப் பிடித்தபின் ஆண்ட நான்காவது சுல்தான், உதுமானிய வம்சத்தில் பத்தாவது சுல்தான் என்பதால் நான்கும் பத்தும் என்று விளக்கம் சொல்வார்கள். கிட்டே நின்று எண்ணினால் குவிமாடங்கள் மறைத்துவிடும். அந்த எண்ணிக்கையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முற்றம், அப்புறம் பக்கச் சுவர்

உள்முற்றத்தைச் சுற்றி வரிசையாகத் தூண்கள், பளிங்கு, கருங்கல், செந்நிறப் போர்ஃபிரி என்று கலந்து நிற்கின்றன. நடுவில் ஒரு சிறிய நீர்மண்டபம். எல்லாரும் இங்கே படம் எடுத்துக்கொண்டு நேராக உள்ளே போய்விடுகிறார்கள். நீங்கள் போகாதீர்கள். வெளியே வந்து கட்டடத்தின் பக்கவாட்டுச் சுவருக்குப் போங்கள்.

அங்கே இரண்டு அடுக்குத் தூண்வரிசையோடு ஒரு தாழ்வாரம், அதன் கீழே சுவரோடு சுவராக ஒளு செய்யும், அதாவது தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் குழாய்கள், ஒவ்வொன்றின் முன்னும் உட்கார ஒரு சிறு கல் இருக்கை. பார்க்கத் தாழ்வாரம் மாதிரிதான் இருக்கிறது. அது அங்கே இருப்பதற்குக் காரணம் வேறு. நடுக் குவிமாடம் தரையிலிருந்து 53 மீட்டர் உயரம், சுமார் 27 மீட்டர் குறுக்களவு. அந்தப் பாரம் கீழே மட்டும் இறங்காது, பக்கவாட்டிலும் சுவரைத் தள்ளும். தள்ளுகிறதைத் தாங்க மாபெரும் அண்டைச்சுவர்கள் வேண்டும். ஹாகியா சோஃபியாவின் வெளிப்புறத்தில் அந்த முட்டுச்சுவர்கள் மலைபோலத் துருத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சினான் அவற்றைச் சுவரின் கனத்துக்குள் இழுத்து, பாதி உள்ளே பாதி வெளியே என்று பங்கிட்டு, இடையே மிஞ்சிய பள்ளத்தை உள்ளும் புறமும் தாழ்வாரமாக்கிவிட்டார். வருகிறவருக்கு அது நிழல், ஒளு செய்ய இடம். கட்டடத்துக்கு அது முதுகெலும்பு. நான் அந்தக் கல் இருக்கை ஒன்றில் உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு பெரியவர் சட்டைக்கையை மடித்து நிதானமாக முழங்கைவரை கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன், அவர் முதுகுக்குப் பின்னால் அந்த முட்டுச்சுவர் இருந்தது. தொழுகைக்காக வருகிறவர்கள் உட்காரும் இடம் என்பதால் கூட்டம் இருந்தால் எழுந்து கொடுத்துவிடுங்கள்.

உள்ளே

வாசலில் தொங்கும் கனமான தோல்திரையை ஒதுக்கி நுழைந்ததும் நின்றுவிடாமல் இரண்டடி ஒதுங்கிக்கொள்ளுங்கள், பின்னால் ஆள் வருவார்கள். பார்வையாளர் நிற்கும் பகுதியைத் தடுப்பு வைத்துப் பிரித்திருப்பார்கள். அதைத் தாண்டி முன்பக்கம் தொழுகிறவர்களுக்கு. தொழுகை நேரம் இல்லாவிட்டாலும் யாராவது ஓரிருவர் தனியாகத் தொழுதுகொண்டோ, தூணில் சாய்ந்து ஓதிக்கொண்டோ இருப்பார்கள். தொழுகிறவருக்குக் குறுக்கே நடக்கக் கூடாது, அவரைப் படம் எடுக்கவும் கூடாது. மற்றபடி படம் எடுக்கலாம், ஃபிளாஷ் வேண்டாம். ஃபோனைச் சத்தமில்லாமல் செய்துவிடுங்கள். வீடியோ அழைப்பில் ஊரில் இருப்பவர்களுக்குச் சுற்றிக் காட்டுகிற ஆசை நமக்கு நிறைய உண்டு, அதை முற்றத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது கம்பளத்தில் உட்காருங்கள். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். நின்றபடி அண்ணாந்து பார்த்தால் கழுத்துதான் வலிக்கும். இந்த இடத்தைச் சினான் தரையில் உட்கார்ந்தும் மண்டியிட்டும் இருக்கிறவர்களுக்காகவே கட்டினார். உட்கார்ந்ததும் மேலே தொங்கும் விளக்குவளையம் தலைக்கு மேலே ஒரு தாழ்ந்த கூரைபோல ஆகிவிடும், அதற்கு மேலே குவிமாடம் எங்கோ போய்விடும். முன்னும் பின்னும் இரண்டு அரைக்குவிமாடங்கள் நடுக் குவிமாடத்துக்குத் தோள் கொடுப்பதும், பக்கங்களில் பெரிய வளைவுகள் முழுக்கச் சன்னல்களாக இருப்பதும் அப்போதுதான் நிதானமாகக் கண்ணில் படும்.

ஒவ்வொன்றாகப் பாருங்கள். எதிரே மக்காவின் திசையில் இருக்கும் கிப்லாச் சுவரில் வெள்ளைப் பளிங்கு மிஹ்ராப், தொழும் திசையைக் காட்டும் மாடம். அதன் இரு பக்கமும் வட்ட வட்டமாக, நீலமும் வெள்ளையுமாக எழுத்து நிரம்பிய இஸ்னிக் ஓடுகள். எழுத்து வேலை அஹமது கரஹிசாரியின் வழியில் வந்தது, அவர் மாணவர் ஹசன் செலெபியின் கை. ஓடு அந்த ஒரு சுவரில் மட்டும்தான். இஸ்னிக் ஓடுகளுக்குப் பேர்வாங்கிக் கொடுத்த அந்தத் தக்காளிச் சிவப்பு முதன்முதலில் சுவருக்கு வந்த இடங்களில் இதுவும் ஒன்று, தேடிப் பாருங்கள், சிறு சிறு மொட்டுகளில் இருக்கும். மேலே வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள், குடிகார இப்ராஹிம் என்று பட்டப்பெயர் பெற்ற கைவினைஞர் செய்தவை என்பார்கள். காலை வெயிலில் அந்தக் கண்ணாடிகள் நன்றாக எரியும், நான் காலையில் போகச் சொன்னதற்கு அது ஒரு காரணம்.

குவிமாடத்தின் பூவேலை அவ்வளவும் 1557இல் வரைந்தது இல்லை. 1660இல் தீயில் சேதமானது, 19ஆம் நூற்றாண்டில் சுவிஸ் கட்டடக் கலைஞர்களான ஃபொஸ்ஸாத்தி சகோதரர்கள் பழுதுபார்த்தார்கள், முதல் உலகப்போரில் முற்றத்தை ஆயுதக் கிடங்காக வைத்திருந்தபோது மறுபடி தீ, 1956இல் ஒரு சீரமைப்பு, 2007 முதல் 2010 வரை இன்னொன்று.

சத்தத்தையும் கவனியுங்கள். யாராவது மெதுவாக ஓதினாலே அந்தக் குரல் தேயாமல் வரும். குவிமாடத்தின் உட்புறம் மண்சாடிகளைப் பதித்துச் சினான் ஒலியைச் சரிசெய்தார். இதைச் சோதிக்க அவர் நட்டநடுவில் உட்கார்ந்து ஹூக்கா குடித்ததாகவும், கோள்மூட்டியதை நம்பி ஓடிவந்த சுல்தானிடம் வெறும் நீர் கொப்பளிக்கும் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னதாகவும் ஒரு கதை. துருக்கிக்குப் புகையிலை வந்ததே 1600ஐ ஒட்டித்தான், அதனால் கதையைக் கதையாகவே கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், வெளியேறும்போது வாசலுக்கு மேலே ஒரு பார்வை. ஆயிரக்கணக்கான எண்ணெய் விளக்குகள் எரிந்த காலத்தில் கரி சுவரில் படியாமல் இருக்க, காற்று அதை இழுத்துக்கொண்டுபோய் வாசலுக்கு மேலுள்ள ஓர் அறையில் சேர்க்கிற மாதிரி அமைத்திருந்தார்கள். அந்தக் கரியை வழித்து எழுதும் மை செய்தார்கள் என்பது எனக்கு இந்தக் கட்டடத்தில் மிகவும் பிடித்த செய்தி.

தொழ விரும்புகிறவர்கள் தடுப்பைத் தாண்டி முன்னால் போகலாம், வாசலில் இருப்பவரிடம் தொழ வந்திருக்கிறேன் என்று சொன்னால் போதும். பெண்கள் தொழும் இடம் தனியாக மறைப்போடு பின்பக்கம் இருக்கிறது.

கல்லறைத் தோட்டம்

கிப்லாச் சுவருக்குப் பின்னால், தலைப்பாகை வடிவக் கற்கள் சாய்ந்தும் நிமிர்ந்தும் நிற்கும் பழைய கபர்ஸ்தான். அதற்குள் இரண்டு துர்பேக்கள், அதாவது கல்லறை மண்டபங்கள். பெரியது, எட்டுப் பட்டையாக இருப்பது சுலைமானுடையது. 1566இல் ஹங்கேரியில் சிகெத்வார் கோட்டை முற்றுகையின்போது அவர் இறந்தார், அதன்பின் இங்கே கொண்டுவந்து அடக்கினார்கள். மகள் மிஹ்ரிமாவும் பிற்காலத்தில் ஆண்ட இரண்டாம் சுலைமான், இரண்டாம் அஹமது ஆகியோரும் கூடவே இருக்கிறார்கள். பக்கத்தில் சிறியது ஹுர்ரெமுடையது. அடிமையாக வந்து சுல்தானின் மனைவியானவர், 1558இல் இறந்தார். அவர் மண்டபத்தின் ஓடுகளில் பூத்துக் குலுங்கும் மரக்கிளைகள். பெரியதைப் பார்த்துவிட்டு இதைத் தவறவிடுகிறார்கள், எனக்கு இதுதான் அழகு. இங்கேயும் செருப்பைக் கழற்ற வேண்டும், தலையை மூட வேண்டும்.

பின்பக்க முற்றமும் பாங்கும்

ஹாலிச் என்று துருக்கியர் சொல்லும் கோல்டன் ஹார்ன் கடற்கழியைப் பார்த்தபடி ஒரு திறந்த முற்றம் இருக்கிறது. கைப்பிடிச் சுவருக்குக் கீழே மதரசாக்களின் குட்டிக் குட்டிக் குவிமாடங்களும் புகைபோக்கிகளும் சரிவில் படிப்படியாக இறங்குகின்றன, அதற்கு அப்பால் தண்ணீர், எதிர்க்கரையில் கலாதா கோபுரம், வலப்புறம் போஸ்பரஸ். அந்த வெள்ளிக்கிழமை நான் காத்திருந்தது இங்கேதான். பாங்கு தலைக்கு மேலே தொடங்கியது, சில நொடியில் கீழே எமினோனுவிலிருந்து ஒன்று, கரைக்கு அப்பாலிருந்து ஒன்று, எந்த மோதினார் (பாங்கு சொல்பவர்) குரல் எது என்று பிரிக்க முடியாமல் நகரமே ஒரு முறை எழுந்து அடங்கியது. அதனால்தான் பாங்கு நேரத்தில் வெளியே இருக்கும்படி திட்டம் போடச் சொன்னேன்.

சாப்பாடு

பள்ளிவாசலைச் சுற்றி இருக்கும் வரிசைக் கட்டடங்களும் அதே திட்டத்தில் கட்டியவைதான்: மதரசாக்கள், மருத்துவமனை, ஏழைகளுக்குச் சோறு போட்ட மடப்பள்ளி, சத்திரம், குளியல்கூடம். இதன் மொத்தப் பெயர் குல்லியே. எதிரே பழைய மதரசாவுக்கு முன்னால் உள்ள வரிசையில் இப்போது அவரைச்சோறு கடைகள். 'குரு ஃபசுலியே' என்றால் காய்ந்த வெள்ளை பீன்ஸ், தக்காளியும் வெண்ணெயுமாகக் குழைய வேகவைத்தது. கூட வெண்ணெய்ச் சோறு, ஊறுகாய் மாதிரி 'துர்ஷு', உப்புப் போட்ட மோரான அய்ரான். ரொட்டியும் கபாபுமாகத் தின்று அலுத்த தமிழ் வயிற்றுக்கு இது அமிர்தம். சைவக்காரர்கள் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும், சில கடைகளில் இறைச்சி போட்டு வேகவைப்பார்கள். 'எத்ஸிஸ் மி?' என்றால் இறைச்சி இல்லாததா என்று அர்த்தம்.

குளிர்காலத்தில் போனால் பத்து நிமிஷ நடையில் வெஃபா பகுதிக்குப் போய், 1876இலிருந்து நடக்கும் போசா கடையில் ஒரு தம்ளர் குடியுங்கள். தானியத்தைப் புளிக்கவைத்துச் செய்யும் கெட்டியான பானம், மேலே பட்டைத்தூள், வறுத்த கொண்டைக்கடலை. கூழ் குடித்துப் பழகிய நாக்குக்கு உடனே பிடித்துவிடும்.

இறங்கும் வழியில்

வளாகத்தின் மதிலுக்கு வெளியே, தெருமுனையில் முக்கோணமாக ஒரு சிறிய இடம், அதற்குள் சின்ன வெள்ளைக் கல்லறை. சினான் தனக்காகக் கட்டிக்கொண்டது. முனையில் வழிப்போக்கருக்குத் தண்ணீர் கொடுக்க ஒரு நீர்ப்பந்தல் வைத்திருக்கிறார். உள்ளே போக முடியாது, கம்பி வழியாகத்தான் பார்க்க வேண்டும், பலகையும் பெரிதாகக் கண்ணில் படாது, அதனால் கேட்டுத் தெரிந்துகொண்டாவது போங்கள்.

அங்கிருந்து எமினோனுவுக்கு இறக்கம்தான். இஸ்தான்புல்கார்ட் என்ற பயண அட்டையில் பணம் இருக்கட்டும், ஆசியக் கரையில் இருக்கும் உஸ்குதாருக்குப் போகும் படகில் ஏறி, வெளித்தட்டில் பின்பக்கமாக உட்காருங்கள். படகு கரையை விட்டு விலக விலக, ஏறி இறங்கிய மேடு முழுதாக ஒரே பார்வையில் வரும், நடுக் குவிமாடம், அதற்குக் கீழே வழிந்து இறங்குகிற மாதிரி மற்றவை, நான்கு மினாராக்கள். இப்போது உப்பரிகைகளை எண்ணலாம். பத்தும் தெரியும்.